செவித்துலங்கல்

நாய்க்கும் பூனைக்கும் காது கேட்கிறதா என்று பார்க்கும் ‘பேர்’ சோதனையை ‘செவி எதிர்வினைச் சோதனை’ என்று எழுதுகிறார்கள். போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் கண்ணில் பட்டது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

‘பேர்’ (BAER) என்பது ‘பிரெய்ன்ஸ்டெம் ஆடிட்டரி இவோக்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். அதிலுள்ள ‘இவோக்ட்’ லத்தீன் வழி வந்தது. வெளியே அழைத்தல் என்பது வேர்ப்பொருள். சரி, அது கிடக்கட்டும். சிக்கல் எல்லாம் கடைசியில் நிற்கும் ‘ரெஸ்பான்ஸ்’ என்ற சொல்லில்தான்.

எதிர்வினை என்றால் பதிலுக்குச் செய்யும் செயல்: கூப்பிட்டால் திரும்புவது, குரைப்பது, காதை விடைப்பது. இந்தச் சோதனையில் நாய் எதுவுமே செய்வதில்லை. உச்சந்தலையிலும் காதுகளுக்கு முன்னாலும் தோலுக்கடியில் மெல்லிய ஊசி மின்வாய்களைச் செருகி, ஒரு காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் 10 மில்லிவினாடிக்குள் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் மின்னலைகள் எழுகின்றன. நூற்றுக்கணக்கான டிக்குகளின் சராசரியை எடுத்தால் திரையில் அவை மேடு மேடாகத் தெரியும். கேளாத காதுக்குக் கோடு தட்டையாக ஓடும். ஐந்து வாரக் குட்டி அசந்து தூங்கினாலும் மேடு எழும். தூங்குகிற குட்டி என்ன வினை செய்தது?

எதிர்வினையை நம்பினால் முடிவே தவறிவிடும். பின்னால் நின்று கைதட்டினால், ஒரு காது செவிடான டால்மேஷன் இன நாய்க்குட்டி மற்றக் காதால் கேட்டுத் திரும்பிவிடும். இரண்டும் செவிடென்றாலும் தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பலாம். பூனையோ நன்றாகக் கேட்டாலும் அசையாமல் கிடக்கும். நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பிறவிச்செவிடு அதிகம். அசையாததை வைத்து அங்கே எதைச் சொல்ல முடியும்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்த சோதனைக்கே எதிர்வினை என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

பள்ளிப் பாடத்தில் ‘தூண்டல் – துலங்கல்’ என்று படித்தோமே, அந்தத் துலங்கல் போதும். துலங்குதல் என்றால் விளங்கித் தெரிதல். ‘துப்புத் துலங்கியது’ என்கிறோம். நரம்பில் எழுந்தது திரையில் தெரிவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகவே செவித்துலங்கல் சோதனை. முழுப்பெயர் வேண்டுமென்றால் மூளைத்தண்டுச் செவித்துலங்கல் சோதனை. ‘கேள்வி’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்பவர்களும் உண்டு. திருக்குறளில் அது கேட்டலைக் குறிக்கும், எனக்கும் பிடித்த சொல். ஆனால் இன்று ‘கேள்விச் சோதனை’ என்றால் வினாத்தாள்தான் நினைவுக்கு வரும்.

‘காது பரிசோதனை’ என்று எழுதுவது இன்னும் மோசம். அழுக்கும் புண்ணும் பார்ப்பதுதான் காது பரிசோதனை. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டு எழுதக்கூடாதா? ‘வலக்காதில் எதிர்வினை இல்லை’ என்ற அறிக்கையைப் படிப்பவர், “கூப்பிட்டால் திரும்புகிறதே!” என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். ‘வலக்காதில் துலங்கல் இல்லை’ என்றிருந்தால், அப்படியென்றால் என்ன என்றாவது மருத்துவரிடம் கேட்பார்.