காத்திருப்பு நேரம் உண்மையில் 0 நிமிடமா? எக்செல் வரைபடங்களில் பிழை மறைப்பு

மாதாந்திர அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ஒருமுறை ஒரு மருத்துவமனைக்காக, புறநோயாளிகள் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த சராசரி நேரத்தைக் கோட்டு வரைபடமாக அளித்திருந்தேன். ஒரு பிரிவின் கோடு செப்டம்பரில் மட்டும் அடிவரை இறங்கியிருந்ததைக் கண்ட நிர்வாகத்தினர், அதை அப்பிரிவின் சாதனையாகவே எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் பராமரிப்புப் பணிக்காக அம்மாதம் முழுவதும் பிரிவு மூடப்பட்டிருந்தது. நோயாளி ஒருவரும் வரவில்லை. மொத்த நிமிடங்களைப் பூஜ்ஜியத்தால் வகுத்ததில் எழுந்த #டிவ்/0! பிழையை, இஃப்எரர் ஃபார்முலாவைக் கொண்டு 0 என மாற்றியவன் நான்.

பிழைக்குறி கண்ணை உறுத்துவதால் பலரும் இவ்வாறே செய்கிறார்கள். கடை மூடிய நாளின் விற்பனைக்கு 0 சரியான விடை. சராசரிக்கும் விகிதத்துக்கும் அப்படியல்ல. வகுப்பதற்கு ஒன்றுமில்லாதபோது அங்கே மதிப்பே கிடையாது. 0-க்குப் பதிலாக வெறும் மேற்கோள் குறிகளை ("") இட்டாலும் பயனில்லை. செல் வெறுமையாகத் தெரிந்தாலும், எக்செல் அதை எழுத்தாகக் கருதி, கோட்டு வரைபடத்தில் 0 என்றே புள்ளி வைக்கும்.

இப்போது நான் எழுதுவது =இஃப்(சி2=0, என்ஏ(), பி2/சி2). இதில் பி2 மொத்த நிமிடங்கள், சி2 நோயாளிகளின் எண்ணிக்கை. நோயாளிகள் இல்லையென்றால் என்ஏ() ‘மதிப்பு இல்லை’ எனப் பொருள்படும் #என்/ஏ குறியைத் தரும். #என்/ஏ உள்ள இடத்தில் எக்செல் புள்ளி வைப்பதில்லை. ஆனால் பழைய பதிப்புகளில் ஆகஸ்டையும் அக்டோபரையும் கோடு நேராக இணைத்துவிடும். செப்டம்பரிலும் ஏதோ ஓர் அளவு இருந்ததாகப் பார்ப்பவர் நினைக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் 365-இல் ‘செலக்ட் டேட்டா’வைத் திறந்து, ‘ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்’ பகுதியில் #என்/ஏ-வை வெற்றுச் செல்லாகக் காட்டச் சொல்லி, இடைவெளியையும் தேர்ந்தெடுத்தால், கோடு அங்கே விட்டுப்போகும்.

இஃப்எரரை நான் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எல்லாப் பிழைகளையும் ஒன்றுபோல விழுங்கிவிடும். யாரேனும் ஒரு நெடுவரிசையை நீக்கியதால் வரும் #ரெஃப்! பிழையும் அதில் மறைந்துபோகும். அதுவோ உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை.

#என்/ஏ இருக்கும் நெடுவரிசையில் ஆவரேஜ் போட்டால் விடையும் #என்/ஏ ஆகிவிடும் என்பதால், வரைபடத்துக்கெனத் தனி நெடுவரிசை வைத்துக்கொள்கிறேன். ஆண்டுச் சராசரியை மாதச் சராசரிகளிலிருந்து எடுக்காமல், ஆண்டின் மொத்த நிமிடங்களை மொத்த நோயாளிகளால் வகுத்தே கணக்கிடுகிறேன். கோடு விட்டுப்போன மாதத்தின் கீழே ‘பிரிவு மூடல்’ என்ற குறிப்பையும் இப்போது சேர்த்துவிடுகிறேன்.