ஹிப்ஹொப் ரீசேர்ட்டுக்குத் தமிழ் என்ன?

'ரீசேர்ட்' யாழ்ப்பாணத்து எழுத்து. ரியூசன், ரயர், ரிக்கற் என்று எழுதுகிற அதே வழக்கில் வந்தது. தமிழகத்தில் இதையே 'டீ ஷர்ட்' என்று எழுதுவார்கள். கொலர் இல்லாமல், முன்பக்கம் தெறி (பொத்தான்) வைக்காமல், தலைவழியாகப் போடுகிற பின்னல் துணி உடுப்பு. விரித்து வைத்தால் ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாவது எழுத்துப் போலத் தெரிவதால் இந்தப் பெயர். அமெரிக்கக் கடற்படை 1913 இல் சீருடைக்குள் போடக் கொடுத்த உள்ளாடையிலிருந்து பரவியது. அச்சில் இந்தச் சொல் 1920 இல் தென்படுகிறது. 'சேர்ட்' என்பதன் வேருக்குக் குட்டையாக வெட்டியது என்று பொருள். பாவாடையைக் குறிக்கும் 'ஸ்கேர்ட்'டும் அதே வேரில் பிறந்ததுதான்.

அந்த உள்ளாடையைப் பேச வைத்தவர்களில், இசையும் நடனமும் சுவரெழுத்தும் சேர்ந்த பண்பாடான ஹிப்ஹொப்பைச் சேர்ந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் இசைத்தட்டுச் சுழற்றும் டிஜே கூல் ஹேர்க் நடத்திய கொண்டாட்டத்தையே ஹிப்ஹொப்பின் பிறப்பாகச் சொல்வார்கள். 'ஹிப்' என்றால் நடப்பறிந்த, 'ஹொப்' என்றால் துள்ளல். அங்கே பெடியள் முதலில் சுவரிலும் ரயிலிலும் தங்கள் பெயரைத்தான் வரைந்தார்கள். 1986 இல் அதே நகரின் குயின்ஸ் பகுதியில் தொடங்கிய 'சேர்ட் கிங்ஸ்' குழுவினர் அந்த எழுத்தை வண்ணம் தெளிக்கும் தூரிகையால் ரீசேர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஊர் கவனிக்காத ஒரு பிள்ளை தன் பெயரை நெஞ்சில் பெரிதாகப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். ஹிப்ஹொப் ரீசேர்ட்டின் உயிர் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அந்த ரீசேர்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சனி, ஞாயிறில் ரியூசன் விடுகிற நேரம் போக வேண்டும். கிழமை நாளில் எல்லோருக்கும் வெள்ளைச் சீருடை. அந்த இரண்டு நாளும்தான் உடுப்பு அவரவர் கையில். தோள் தையல் இறங்கி மேற்கையில் நிற்கும், கை முழங்கையைத் தொடும், பெரும்பாலும் கறுப்பு. "தொளதொளவெண்டு என்னடா இது" என்று வீட்டில் ஏச்சு விழும். ஏசுகிறவர்கள் ஒருமுறை அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். இங்கே சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகியானவர், நுண்கலையும் திரைப்படமும் படித்துவிட்டு வந்தவர்தான். இசையும் படமும் உடுப்பும் அவரிடம் ஒன்றாகவே வந்தன.

இனித் தமிழ்ச்சொல். 'பனியன்' திருப்பூரில் ஒரு தொழிலின் பெயர். எங்களுக்கு அது உள்ளே போடுகிற பெனியன் மட்டுந்தான். வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல், போர்த்துக்கேயர், ஆங்கிலேயர் வாய்வழி உடுப்பின் பெயராகி வந்த கதை அதற்கு உண்டு. 'பின்னற்சட்டை' என்றால் துணியின் தன்மை சரியாக வரும், ஆனால் யாழ்ப்பாணத்தில் சட்டை என்றதும் பெண்பிள்ளைகளின் உடுப்புத்தான் நினைவுக்கு வரும். ஆண்கள் போடுவது சேர்ட். 'சொல்லிசைச் சட்டை' என்பதும் பொருந்தாது. சொல்லிசை, தாளத்தோடு சொல்லடுக்கிப் பாடும் ராப்புக்கு நல்ல பெயர். ஹிப்ஹொப்பிலோ இசைத்தட்டுச் சுழற்றலும் நடனமும் சுவரெழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது 'மெய்ப்பை'. சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவன (கிரேக்க, உரோம) வீரரை 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து' என்கிறார் நப்பூதனார். உரைகாரர் அதற்குச் சட்டை என்றே பொருள் சொல்கிறார். வெளிநாட்டார் உடுத்ததற்கு அப்போதே தமிழ் கொடுத்த பெயர், உடம்பு புகுகிற பை. தொளதொளத்த ரீசேர்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. பேச்சில் ரீசேர்ட் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. கட்டுரையில், விளம்பரத்தில், கடைப் பலகையில் 'ஹிப்ஹொப் மெய்ப்பை' என்று எழுதலாம். ஹிப்ஹொப் ஒரு பண்பாட்டின் பெயர், அதை மாற்றக்கூடாது.

அச்சடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. திரை அச்சில் மை வலைக்கண் வழியாக இறங்கிக் கொஞ்சம் பரவும். சின்ன எழுத்தென்றால் ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெல்லிய புள்ளி அச்சில் விழாமலே போகும். புள்ளி போனால் 'மண்' 'மண' ஆகிவிடும். தடித்த எழுத்தைத் தெரிந்தெடுங்கள், புள்ளியைப் பெரிதாக வையுங்கள், முழுவதும் அடிக்க முதல் ஒரு துணியில் அடித்துப் பாருங்கள்.