டிராஃப்ட் கிளாஸ்: தமிழில் ‘தெரிவினர்’

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடரும் இரசிகர்கள், ஏப்ரல் மாத இறுதியில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஓயாமல் வாதிடும் பொருள் ஒன்று உண்டு. தங்கள் அணியின் ‘டிராஃப்ட் கிளாஸ்’ தேறுமா, தேறாதா என்பதே அது. கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டு வரும் இளைஞர்களை என்எஃப்எல் கூட்டமைப்பின் 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். ஓர் அணி ஓராண்டில் அவ்வாறு எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர்கள் அனைவரும் சேர்ந்து அவ்வணியின் அவ்வாண்டு டிராஃப்ட் கிளாஸ் ஆகின்றனர். அகராதியைப் பார்த்தோ எந்திரத்தின் துணையோடோ இதை ‘வரைவு வகுப்பு’ என்று பெயர்த்தால், ஓவியம் கற்றுத்தரும் இடம் என்றே தமிழ் வாசகர் எண்ணுவார். அவர் மீது குற்றமில்லை.

டிராஃப்ட் என்பது இழுத்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வேரிலிருந்து வந்த சொல். பீப்பாயிலிருந்து இழுத்து வார்க்கும் பீர், கணக்கிலிருந்து பணத்தை இழுக்கும் வங்கி டிராஃப்ட், கோடிழுத்து வரையும் படம், அதன் வழியே முதற்படி எழுத்து என அந்த ஒரு வேர் பல திசைகளில் கிளைத்தது. தமிழில் வங்கி டிராஃப்டுக்கு ‘வரைவோலை’ என்றும் எழுத்துப்படிக்கு ‘வரைவு’ என்றும் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. ஆனால், விளையாட்டில் வழங்கும் டிராஃப்ட் இவற்றில் எதனோடும் நேராகத் தொடர்புடையது அன்று. படைக்கு ஆள் இழுத்தல் என்னும் கிளையிலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-இல் இயற்றப்பட்ட ஆட்சேர்ப்புச் சட்டமும், 300 டாலர் கட்டினால் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற விதி ஏழைகளிடையே மூட்டிய சினமும், அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க்கில் வெடித்த கலவரமும் அச்சொல்லை அந்நாட்டு மக்களின் நினைவில் ஆழப் பதித்தன. எங்கே போய்ச் சேருவது என்பதை இளைஞன் தீர்மானிப்பதில்லை, அவனை அழைப்பவர் தீர்மானிக்கிறார் என்ற உட்பொருள் விளையாட்டு வழக்கிலும் அப்படியே இருக்கிறது.

விளையாட்டுக்கு அம்முறை வந்த காரணம் பணம். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், செல்வமுள்ள அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிக்கொண்டே போவதைக் கண்டு, முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் உரிமை என்னும் திட்டத்தை 1935-இல் முன்வைத்தார். 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் ஒன்பது அணிகள் கூடி, ஒன்பது சுற்றுகளில் 81 பேரை எடுத்தன. கடைசியில் நின்ற அணி பெல்லின் சொந்த அணியே என்பதால் முதல் உரிமையும் அவருக்கே கிடைத்தது. அவர் எடுத்த ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளும் இறங்கவே இல்லை. அதே நாளில் சிகாகோ பேர்ஸ் தனது கடைசிச் சுற்றில் எடுத்த டேனி ஃபோர்ட்மன் என்பவரோ ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்னும் புகழரங்கு வரை உயர்ந்தார். பெயர் பிடித்திருந்ததால் அவ்வணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ் அவரை எடுத்தார் என்று கதை சொல்வார்கள். முதல் டிராஃப்டிலேயே இரசிகர்களின் வாதத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதும் இருந்திருக்கிறது.

ஐபிஎல் பார்த்துப் பழகிய தமிழ் வாசகர் இதை ஏலத்தோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. ஏலத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். கைக்காசு மிகுந்தவர் வெல்வார். டிராஃப்டிலோ விலைகேட்பு இல்லை. முறை யாருடையதோ அவர் ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னதும் ஆள் அவருக்கு உரியவர். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். பாகிஸ்தான் சூப்பர் லீக் கிரிக்கெட் தொடங்கப்பட்டபோது இம்முறையையே கையாண்டது. ஆகவே டிராஃப்ட் என்னும் நிகழ்வைத் தமிழில் ‘முறைத்தெரிவு’ எனலாம். முறை என்ற சொல்லில் ஒழுங்கும் உண்டு, ‘உன் முறை, என் முறை’ என்னும் வரிசைப் பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் ‘தேர்வு’ என்றால் பரீட்சை முன்னே வந்து நிற்பதால், இலங்கைத் தமிழில் நன்கு வழங்கும் ‘தெரிவு’ என்ற வடிவமே இங்குப் பொருந்துகிறது. குறளின் அதிகாரப் பெயரான ‘தெரிந்து தெளிதல்’ என்பதில் வரும் தெரிதலும் ஆராய்ந்து ஆளெடுப்பதையே சுட்டுவதால், இவ்வடிவத்தை இறக்குமதி என்று யாரும் தள்ள வேண்டியதில்லை.

இனி ‘கிளாஸ்’. இலத்தீனில் ‘கிளாசிஸ்’ என்பது படைக்கடமைக்காக ரோமானியக் குடிமக்களைச் சொத்தளவின்படி பிரித்த பிரிவைக் குறித்தது. பிரான்சிலும் கட்டாயப் படைச்சேவை இருந்த காலத்தில், அதற்கு ஓராண்டில் அழைக்கப்பட்டோரை அவ்வாண்டின் ‘கிளாஸ்’ என்றே குறித்தனர். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரே ஆண்டில் பட்டம் பெறுவோர் ஒரு கிளாஸ். அங்கிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு அதே சொல் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, ஒரு நேரத்தில் ஒன்றாக உள்ளே வந்தவர்கள் என்னும் கருத்து. பள்ளி அறை இதில் இல்லை.

இக்கருத்துக்குத் தமிழில் பல சொற்களை முயன்று பார்க்கலாம். ‘வகுப்பு’ பள்ளிக்கூடத்துக்கோ சாதிக்கோ இழுத்துச் செல்லும். ‘தொகுதி’ என்றதும் சட்டமன்றம் நினைவுக்கு வரும். ‘அணி’ ஏற்கெனவே முழு அணிக்கு உரியதாகிவிட்டது. இலங்கைப் பத்திரிகைகளில் ‘குழாம்’ என்பது நல்ல சொல்தான். ஆனால் ஒரு தொடருக்கு அறிவிக்கப்படும் ஆட்டக்காரர் பட்டியலை அது குறிக்கிறது. ‘தெரிவுக் குழு’ என்றாலோ எடுத்தவர்களைக் குறித்துவிடும். நமக்கு வேண்டியவர்கள் எடுக்கப்பட்டவர்கள். ஆகவே, ஆண்டோடு சேர்த்துத் ‘தெரிவினர்’ என்று சொல்வதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘சியாட்டிலின் 2012 தெரிவினர்’ என்று எழுதினால் அணி, ஆண்டு, ஆட்கள் மூன்றும் அடங்கிவிடுகின்றன. ‘-னர்’ விகுதி இருப்பதால், பேசப்படுவது நிகழ்வு அன்று, மனிதர்கள் என்பதும் விளங்கிவிடுகிறது.

அந்தச் சியாட்டில் தெரிவினரைப் பற்றி எழுந்த வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 2012 ஏப்ரலில் சியாட்டில் சீஹாக்ஸ் முதற்சுற்றில் 15-ஆவது ஆளாகப் புரூஸ் இர்வினை எடுத்தபோது, இரண்டாம் சுற்றுக்கு உரியவரை முதற்சுற்றில் வீணடித்துவிட்டார்கள் என்று பலர் தலையில் அடித்துக்கொண்டனர். 47-ஆவதாக வந்த பாபி வாக்னர் பெரிய கல்லூரி எதிலும் ஆடாதவர். 75-ஆவதாக வந்த ரசல் வில்சன் ஆறடிக்கும் குறைந்த உயரமுடைய குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர். அவ்வாண்டு அவருக்கு முன் ஐந்து குவாட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டிருந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அணி மேட் ஃபிளின் என்பவரை அதே இடத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. டிராஃப்ட் முடிந்ததும் அணிகளுக்கு மதிப்பெண் போடும் விமர்சகர்கள் மிகக் குறைவாகவே போட்டனர். தோல்வி மதிப்பெண் இட்டவர்களும் உண்டு. இரண்டு பருவங்கள் கழித்து, 2014 பிப்ரவரி 2 அன்று, வில்சனும் வாக்னரும் ஆடிய அந்த அணி டென்வரை 43–8 என்று வீழ்த்தி, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது.

இதைச் சொல்லி மதிப்பெண் இட்டவர்களை எள்ளுவது இரசிகர்களுக்கு இன்றளவும் வழக்கம். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. தெரிவு நாளில் கேட்கப்படும் கேள்வி, அன்று கையிலிருந்த செய்திகளையும் உரிமைகளையும் கொண்டு அணி தக்க விலை பெற்றதா என்பது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்படுவது, வந்தவர்கள் எப்படி ஆடினார்கள் என்பது. இர்வின் முதல் பருவத்தில் எட்டு முறை எதிரணிக் குவாட்டர்பேக்கை வீழ்த்தினார். ஆயினும் 2016-இல் வேறு அணிக்குப் போய்விட்டார். அவரைக் குறித்து அன்று ஐயுற்றவர்கள் முற்றிலும் தவறியவர்கள் அல்லர். தெரிவினரை எடைபோட மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும் என்று சொல்லப்படுவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: கூட்டமைப்பும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்தின்படி புதிதாய் எடுக்கப்பட்டவர்களின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு உரியது, முதற்சுற்றினர்க்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு; ஆகவே மூன்றாம் ஆண்டு முடிவில் யாரை வைத்துக்கொள்வது என்று அணியே முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது.

வாதங்கள் குழம்புவதற்கு மற்றொரு காரணம், டிராஃப்ட் கிளாஸ் என்ற சொல் ஆங்கிலத்திலேயே இரு அளவுகளில் வழங்குவது. 1983-ஐக் குறித்துப் பேசுவோர் எந்த அணியையும் கருதுவதில்லை. அவ்வாண்டு முதற்சுற்றில் எடுக்கப்பட்ட ஆறு குவாட்டர்பேக்குகளையும், அவர்களுள் ஹால் ஆஃப் ஃபேம் சென்ற எல்வே, கெல்லி, மரீனோ மூவரையும் கருதுகின்றனர். இதனைத் தமிழில் ‘1983 வரவினர்’ என்று வேறுபடுத்தினால் நல்லது: வரவினர் ஆண்டுக்கு உரியவர், தெரிவினர் அணிக்கு உரியவர்.

எல்லையிலும் தகராறு உண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் 1974 தெரிவினரில் லின் ஸ்வான், ஜேக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் ஆகிய நால்வர் ஹால் ஆஃப் ஃபேம் எய்தினர். இதற்கு இணை இல்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. அதே ஆண்டில் எவராலும் எடுக்கப்படாமல் தனியே வந்து அவ்வணியில் சேர்ந்த டானி ஷெல்லும் பின்னர் அங்கே இடம்பெற்றார். அவரையும் சேர்த்து ஐவர் என்பர் பிட்ஸ்பர்க் இரசிகர்கள். தெரிவினர் என்ற சொல்லைக் கறாராக வைத்துக்கொண்டால் அவர் அதில் அடங்கமாட்டார், அவர் வரவினரே. நியூ இங்கிலாந்தின் 2000 தெரிவினரோ வேறு வகை: 199-ஆவதாக வந்த டாம் பிரேடியை நீக்கிவிட்டால் பேசுவதற்கு அதிகம் இல்லை. ஒருவர் இத்தனை உயரம் போனால் கூட்டமும் உயர்ந்ததாகுமா என்பது தீராத வழக்கு. ஆகும் என்பதே என் எண்ணம், ஏனெனில் அணி வெல்வதற்காகத்தான் ஆளெடுக்கிறார்கள்.

இதோடு சேர்ந்து வரும் சொற்களையும் தொட்டுச் செல்லலாம். ‘பிக்’ என்பது ஆளைக் குறிக்கும்போது தெரிவு. விற்றும் மாற்றியும் கொள்ளத்தக்க முறையைக் குறிக்கும்போது தெரிவுரிமை. ‘பஸ்ட்’ என்பதற்குப் ‘பொய்த்த தெரிவு’ பொருத்தம். மழை பொய்த்தது என்று சொல்லும் மொழியில் இதற்கு விளக்கம் வேண்டாம். தகுதிக்கு முந்தி எடுப்பதாகிய ‘ரீச்’ முந்தெடுப்பு. பிந்திய சுற்றில் கிட்டும் ‘ஸ்டீல்’ என்பதைத் திருட்டு என்று பெயர்க்காமல் கண்டெடுப்பு என்று சொன்னால் போதும்.

‘தெரிவினர்’ பன்மையாயிற்றே, ஒருவரே எடுக்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பவரும் இருக்கலாம். அப்படியும் நடந்திருக்கிறது. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஓட்டக்காரரை ஐந்தாவது இடத்தில் எடுப்பதற்காக, அணியிடம் அவ்வாண்டு எஞ்சியிருந்த தெரிவுரிமைகள் அனைத்தையும், அடுத்த ஆண்டின் முதற்சுற்று, மூன்றாம் சுற்று உரிமைகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார். அணி அப்பருவத்தில் 16 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது, டிட்காவும் பதவியிழந்தார். தமிழில் அர் விகுதி மதிப்பொருமைக்கும் ஏற்குமாதலால், வில்லியம்ஸ் ஒருவரையே ‘நியூ ஆர்லியன்ஸின் 1999 தெரிவினர்’ என்று எழுதினாலும் இலக்கணம் வழுவாது.