உளநல விடுதி அனுமதி: வாசலில் திருப்பி அனுப்பப்படுபவர்களுக்கு

அரச வைத்தியசாலையில் மனநோய்க்காக விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குக் கட்டணம் கிடையாது. கிராம அலுவலரின் கடிதம், தனியார் வைத்தியரின் துண்டு, பிரதேச செயலகத்தின் சிபாரிசு ஆகிய எதுவும் அதற்குத் தேவையில்லை. இருந்தும், நோயாளியை வீட்டு அறையில் பூட்டிவிட்டு, எந்த விதியிலும் இல்லாத கடிதமொன்றுக்காக விதானையார் வீட்டுப் படலையில் காத்து நிற்கும் தாய்மாரை யாழ்ப்பாணத்தில் இன்றும் காண முடிகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். வாசலில் நின்ற ஒருவர், அல்லது முன்பு எப்போதோ போய்வந்த அயலவர்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்புக்கு அருகே அங்கொடையிலுள்ள மனநோய் வைத்தியசாலையையே நம்பியிருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க வேண்டும் என்றது 2005 ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை. யாழ் மாவட்டத்தில் போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநல விடுதியும் உள்ளன. பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற இடங்களில் கிளினிக் நடக்கிறது. மனநோய் பற்றிய சட்டத்தின் வேர் 1873 ஆம் ஆண்டில் இருக்கிறது. ஒருவரை மாவட்ட நீதிமன்ற விசாரணை மூலம் மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவதைப் பற்றியே அது அதிகம் பேசுகிறது. நடைமுறையில் அனுமதிகளில் மிகப் பெரும்பாலானவை நீதிமன்றத்தின் பக்கமே போவதில்லை. ஆகவே "கோர்ட் ஓடர் கொண்டு வாருங்கள்" என்று எவராவது சொன்னால், அவருடைய பெயரையும் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட மாத்திரத்திலேயே பல நிபந்தனைகள் மறைந்துவிடும்.

கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அடுத்த தவறான நம்பிக்கை. நித்திரையின்றி நாட்கணக்கில் அலைபவர், உணவை மறுப்பவர், தன்னையோ பிறரையோ காயப்படுத்தக்கூடியவர் ஆகியோரை எந்த நேரத்திலும் அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போகலாம். அங்கிருந்து உளநல விடுதிக்கு மாற்றுவது வைத்தியசாலையின் பொறுப்பே தவிர, உங்களுடைய முச்சக்கரவண்டியின் பொறுப்பு அன்று. அடையாள அட்டை வீட்டில் கிடக்கிறது என்பதும், நோயாளி வேறு பிரதேசத்தவர் என்பதும் அவசர நிலையில் ஒருவரைத் திருப்பி அனுப்பக் காரணங்கள் ஆகமாட்டா. இலவச அம்புலன்சுக்கு 1990 ஐ அழைக்கலாம். அழைக்கும்போது நோயாளி ஆவேசமாக இருக்கிறார் என்பதை மறைக்காதீர்கள், ஏனெனில் வந்த வாகனம் வெறுமையாகத் திரும்பினால் இழப்பு உங்களுக்குத்தான்.

பொலிசாரின் உதவியை நாடும்போது சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். "மகன் அடித்துவிட்டான், பிடித்துக்கொண்டு போங்கள்" என்று பதற்றத்தில் சொன்னால் அது குற்ற முறைப்பாடாகப் பதியப்படும். அவர் நோயாளியாக வைத்தியசாலைக்குப் போவதற்குப் பதிலாகச் சந்தேகநபராக நீதவான் முன் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலில் வைக்கப்படலாம். பிறகு அங்கிருந்து உளநல அறிக்கை பெறுவதற்குத் தவணை தவணையாக நாட்கள் போகும். "இவர் நோயாளி, வைத்தியசாலைக்குக் கொண்டு போக உதவி வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பி இருந்தால் கையிலேயே கொண்டு போங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கொண்டு வரும் குடும்பங்கள் வழக்குக்குப் பயந்து பொய் சொல்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. உட்கொண்டது எது என்பதை மறைத்தால் முதல் மணித்தியாலத்திலேயே சிகிச்சை தவறிப் போகும். உடல் தேறியதும் துண்டு வெட்டி அனுப்பிவிடும் அவசரம் சில விடுதிகளில் உண்டு. உளநல வைத்தியர் வந்து பார்க்கும்வரை வீட்டுக்குப் போகச் சம்மதிக்க வேண்டாம்.

இனி, உண்மையான அலைச்சலுக்கு வருவோம். நடுத்தர வயதுடைய, துணைக்கு ஆள் உள்ள, ஒரே நோயுள்ள ஒருவருக்கு ஏற்றவாறுதான் விடுதிகள் அமைந்திருக்கின்றன. இந்த அச்சுக்குள் அடங்காதவர் எவராயினும், இரண்டு விடுதிகளுக்கு இடையில் நிற்க நேரிடும்.

முதியவர்களை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தனியே வாழும் எழுபது வயதைத் தாண்டிய தாய் ஒருவர் திடீரென ஆள் தெரியாமல் பேசத் தொடங்கினால், அது பெரும்பாலும் மனநோய் அன்று. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைதல், மருந்து ஒத்துக்கொள்ளாமை போன்ற உடற்காரணங்களை முதலில் தேட வேண்டும். மருத்துவ விடுதி "இது மனநோய்" என்கிறது. உளநலப் பிரிவு "முதலில் உடலைப் பாருங்கள்" என்கிறது. இரண்டாவது கூற்றே பெரும்பாலும் சரியானது. ஆகவே மருத்துவ விடுதியிலேயே அனுமதித்து, உளநல வைத்தியரை அங்கு வரவழைக்கும்படி கேளுங்கள். துணைக்கு நிற்க ஆள் இல்லை என்று விடுதியினர் தயங்குவார்கள். பெண் நோயாளிக்குப் பெண் துணைதான் வேண்டும் என்பார்கள். கூலிக்கு ஆள் நிறுத்தும் வசதி எல்லோருக்கும் இல்லை. துணை நிற்பது விடுதியின் வசதிக்கான ஏற்பாடு மாத்திரமே, சிகிச்சைக்கான தகுதி அன்று. இதை விடுதிப் பொறுப்புத் தாதியிடமோ உளநல சமூகப் பணியாளரிடமோ அமைதியாக எடுத்துச் சொல்லி, அவர்களாலும் முடியாதபோது பணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

பிரசவித்த பெண்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. பிரசவம் முடிந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் தோன்றும் கடும் மனக்குழப்பம் அவசர நோய். அதைப் பேய்க்கோளாறு என்று கோயில் கோயிலாகக் கொண்டு திரிவதற்கு நேரமில்லை. தாயையும் குழந்தையையும் ஒன்றாக வைத்துப் பராமரிக்கும் தனிப் பிரிவு அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அனுமதிக்கும்போது குழந்தை எங்கே இருக்கும், பால் கொடுக்கலாமா என்பதை அன்றைய தினமே கேட்டுவிட வேண்டும். மருந்து தொடங்கினால் தாய்ப்பாலை உடனே நிறுத்த வேண்டும் என்று உறவினர்கள் தாமாகவே முடிவெடுத்துவிடுகிறார்கள். பல மருந்துகளுக்கு அது தேவையற்றது. மறுபுறம், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வல்புறோயேற்று என்ற மருந்து எழுதப்பட்டால், அதன் ஆபத்தையும் மாற்று மருந்தையும் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் பேசுங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி வைத்தால், துண்டு வெட்டிய பிறகும் வீடு தேடி வர ஒருவர் இருப்பார்.

பதினெட்டு வயது நிரம்பாத பதின்வயதுப் பிள்ளைகள் குழந்தைகள் விடுதிக்கு மூத்தவர்களாகவும், வளர்ந்தோர் விடுதிக்கு இளையவர்களாகவும் இருப்பதால், இரு பக்கமும் கதவு பாதி திறந்து மூடுகிறது. வளர்ந்தோர் விடுதியில் வைக்க நேர்ந்தால், பெற்றோரில் ஒருவர் இரவும் கூடவே தங்க அனுமதி கேளுங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

போதைக்கு அடிமையானவர்களின் குடும்பங்களே இன்று அதிகம் ஏமாறுகின்றன. உளநல விடுதி மாதக்கணக்கில் ஆளை வைத்திருக்கும் இடம் அன்று. போதை விடும்போது வரும் உபாதைகளையும், அதனோடு வரும் மனநோயையும் பார்த்து அனுப்பிவிடும். நீண்டகாலத் தங்கலுக்கென அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபை நடத்தும் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, காலி, கண்டி ஆகிய இடங்களில் உள்ளன. அங்கெல்லாம் தமிழில் ஆலோசனை கிடைக்குமா என்பதைப் புறப்படுவதற்கு முன் விசாரியுங்கள். போதைக்கு அடிமையானவர்கள் அனுப்பப்படும் கந்தகாடு நிலையம் ஒரு வைத்தியசாலை அன்று. அது புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ் உள்ளது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கட்டளையின் மூலம் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப இடமளிக்கிறது. "புனர்வாழ்வுக்கு விண்ணப்பம்" என்று சொல்லி நீட்டப்படும் தாளில், அது எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தி, இரண்டு மூன்று நாட்களில் நடுங்கி உளறத் தொடங்கினால், அது மருத்துவ விடுதிக்கு உடனே ஓட வேண்டிய உயிராபத்து. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் படுக்க வைப்பது ஆபத்தானது.

எந்தப் படிவமும் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என அரசியலமைப்பு சொல்கிறது; கொழும்பிலுள்ள அரச அலுவலகத்துடனும் தமிழில் தொடர்புகொள்ளலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள சம்மதப் படிவத்தை, குறிப்பாக மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்சிகிச்சைக்கான படிவத்தை, வாய்மூல விளக்கத்தை நம்பி நிரப்பாமல் ஒப்பமிட்டுக் கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சிகிச்சை பயப்பட வேண்டியது அன்று. வெற்றுத் தாள்தான் பயப்பட வேண்டியது.

திருவிழா, கலியாணம் என்று இடைநடுவில் ஒப்பமிட்டு நோயாளியை அழைத்துப்போனவர்கள், பிறகு திரும்பிப் போகக் கூசி மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். வைத்திய ஆலோசனைக்கு மாறாகப் போனவருக்கும் மறு அனுமதி உண்டு. ஏச்சு விழலாம், கதவு மூடாது.

துண்டு வெட்டும் நாளில் மருந்துப் பையுடன் வெளியேறும் அவசரத்தில், அடுத்த ஊசியின் திகதியைக் கேட்க மறக்கிறார்கள். குளோசப்பின் என்ற மனநோய் மருந்து தொடங்கியிருந்தால் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அதை எங்கே செய்வது என்று வெளியேறும்போது தரப்படும் அட்டையில் எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் பிரதேச செயலகம் வைத்தியரின் அறிக்கையைக் கேட்கும். அதற்காகப் பின்னர் ஒரு நாள் முழுவதும் வரிசையில் நிற்பதைவிட, விடுதியில் இருக்கும்போதே உளநல சமூகப் பணியாளரிடம் சொல்லி வைப்பது நல்லது.

அட்டை தொலைந்து, விடுதிக் குறிப்பேட்டின் பிரதி தேவைப்பட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பவர் தாயானாலும் மனைவியானாலும், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாவிட்டால் மருத்துவப் பதிவு மறுக்கப்படலாம். அந்தச் சம்மதக் கடிதத்தை அவர் தெளிவாக இருக்கும் நாளொன்றில் எழுதி, ஒப்பமும் திகதியும் இட்டு, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.