டர்ன்அவுட்: தமிழில் கவர்த்தடம்

மும்பையில் லோக்கல் ரயில் வழியில் நின்றுவிட்டால் பிளாட்பாரத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பாயிண்ட்'. மாட்டுங்காவில் எங்கள் மொட்டை மாடியில் 45 மில்லிமீட்டர் தடத்தில் மாதிரி ரயில் ஓட்டுகிறேன். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள நம் பழைய மீட்டர் கேஜை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ வரும் அகலம் அது. அமெரிக்க வழிகாட்டிகளில் பாயிண்ட் இல்லை, 'டர்ன்அவுட்' இருந்தது. இரண்டும் ஒன்றா என்பது, ஒன்றைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஒரு தடத்திலிருந்து இன்னொன்று பிரியும் அமைப்பு முழுவதும் டர்ன்அவுட். ரயில் நேர்வழியை விட்டுத் திரும்பி விலகுவதால் அந்தப் பெயர். பாயிண்ட் என்பது அதன் ஓர் உறுப்பு: நுனி கூராகச் சீவிய, பக்கவாட்டில் நகரும் இரண்டு தண்டவாளங்கள். பிரிட்டிஷ் வழக்கில் உறுப்பின் பெயரே முழுமைக்கும் ஆகிவிட்டது. பாயிண்டை நகர்த்தி வழி மாற்றிவிடும் ரயில்வே ஊழியரான நம் பாயிண்ட்ஸ்மேனின் பெயர் அந்த வழியில் வந்தது. இங்கே இந்தியில் அவர் காண்ட்டேவாலா. காண்ட்டா என்றால் முள். அதிலும் கூர்மைதான் தெரிகிறது.

நகரும் தண்டவாளத்தை ரயில்வே பொறியாளர்கள் டங் ரயில் என்பார்கள். தமிழில் நாக்கு என்றாலே போதும். நான் அரத்தால் தேய்த்த முதல் நாக்கு நுனியில் தடித்துவிட்டது. சக்கரம் முட்டி ஏறித் தடம் புரண்டது. பிளேடு போல மெலிந்து பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி உட்காரும்வரை மறுபடி தேய்த்தேன்.

நாக்கைத் தாண்டினால் உள்தண்டவாளங்கள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம். அமெரிக்கர்களுக்கு அது ஃபிராக். தவளை என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. குதிரைக் குளம்பின் அடியில் கவை போலத் தெரியும் பகுதிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். அந்த வடிவ ஒற்றுமையால் வந்தது என்பதே பரவலான விளக்கம். நம் ரயில்வேயில் அது கிராசிங். 12-க்கு 1, 8.5-க்கு 1 என்று கோணத்தைச் சொல்வார்கள். 12 அடி போனால் 1 அடி விலகும். மாடியில் இடம் போதாமல் நான் 6-க்கு 1 வைத்தேன். இதற்குக் கவட்டை என்ற சொல் அருமையாகப் பொருந்துகிறது. உண்டிவில்லுக்குக் கிளை ஒடித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

சரி, முழு அமைப்புக்கு? 'தடமாற்றி' என்று சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. மாற்றுவது நாக்கின் வேலை. அது நேர்வழிக்கு இருந்தால் ரயில் தடம் மாறாமலே இதைக் கடந்துவிடும். வழி பிரிவதற்குத் தமிழில் 'கவர்த்தல்' என்ற பழைய வினை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும்போது, சிவனின் சூலம் போல வழி மூன்றாகக் 'கவர்க்கும்' என்கிறான். மனதைக் கவர்ந்தது என்கிறோமே, அது வேறு. கிளை, பிரிவு என்ற பொருளில் 'கவர்' பெயர்ச்சொல்லாகவும் உண்டு. அதனால் கவர்த்தடம். ஒற்றை விட்டுக் கவர்தடம் என்று எழுதினால் மனதைக் கவர்கிற தடம் ஆகிவிடும்.

அப்புறம், சூலம் போலவே மூன்றாகப் பிரியும் டர்ன்அவுட்டும் உண்டு. அது முக்கவர்த்தடம். இரண்டு ஜோடி நாக்கும் மூன்று கவட்டையும் வேண்டும். ஒரு ஜோடியைத் தேய்த்து முடித்திருக்கிறேன்.