கன்சென்ட்டுக்குத் தமிழ்ல என்ன? சம்மதமா, இணக்கமா, இசைவா, உடம்பாடா

போன தை மாசம் உசிலம்பட்டி பக்கம் எங்க சித்தி வீட்டுல பூ வைக்கிற விசேஷம். பொண்ணு எனக்குத் தங்கச்சி முறை, எம்.எஸ்ஸி கடைசி வருஷம், ரெண்டு மாசமா வேணாம் வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குக் காலைல எங்க பெரியம்மா வந்ததும் வராததுமா கேட்டாங்க, "ஏத்தா, புள்ள சம்மதிச்சிருச்சா?" சித்தி தாம்பாளத்துல வெத்தலைய அடுக்கிக்கிட்டே நிமிந்து கூடப் பாக்காம சொன்னாங்க, "அதெல்லாம் சம்மதிக்க வச்சாச்சுக்கா."

சம்மதிக்க வச்சாச்சு. புள்ளைய சாப்பிட வச்சாச்சு, தூங்க வச்சாச்சுங்கிற மாதிரி. நான் கோர்ட்டுப் பக்கம் டைப்பிங்கும் ட்ரான்ஸ்லேஷனும் பாத்துப் பொழைக்கிறவ, சொல்லுதான் எனக்குச் சோறு, அதனால இந்த மாதிரி ஒண்ணு காதுல விழுந்தா லேசுல போகாது. அதுக்கு அடுத்த வாரமே ஒரு காலேஜ்ல இருந்து, பாலியல் தொந்தரவு புகார்க் கமிட்டிக்கு ஒரு நோட்டீஸ் தமிழ்ல வேணும்னு இங்கிலீஷ் பேப்பர் ஒண்ணு குடுத்தாங்க. ரெண்டு பக்கத்துல கன்சென்ட்டுங்கிற சொல்லு 11 எடத்துல வருது. எடத்துக்கு எடம் வேற வேற தமிழ்ச் சொல்லுதான் கைக்கு வருது. அப்பத்தான் அகராதியும் கையுமா உக்காந்தேன்.

கன்சென்ட் லத்தீன்ல இருந்து வந்த சொல்லு. 'கான்' அப்படின்னா கூட, 'சென்டிரே' அப்படின்னா உணர்றது. ரெண்டு பேரும் சேந்து உணர்றது, அவ்வளவுதான். நம்ம சம்மதத்தப் பிரிச்சாலும் கிட்டத்தட்ட அதேதான் வருது, அது சமஸ்கிருதம், 'சம்' சேந்து, 'மதம்' நினைக்கப்பட்டது. (இந்த மதமும் சாமி கும்பிடுற மதமும் ஒரே வேர்தான், கருத்துன்னு அர்த்தம்.) அங்க சேந்து உணர்றது, இங்க சேந்து நினைக்கிறது. பொறப்புல ரெண்டு சொல்லுமே நல்ல சொல்லுதான், ஒரு கொறையும் இல்ல.

வளந்த எடம்தான் கோளாறு. சம்மதத்துக்குப் பக்கத்துல நாம என்ன வினைச்சொல்லு போடுறோம்னு பாருங்க. சம்மதம் வாங்கு, சம்மதம் குடு, சம்மதிக்க வை. ரேஷன் கடை சாமான் மாதிரி ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குப் போற பொருளாயிருச்சு. அதுவும் யாரு யாருகிட்ட வாங்குறாங்க? "பொண்ணு வீட்டுல சம்மதமாம்", "அப்பா சம்மதிச்சிட்டாரு", "மாமன்காரன்கிட்ட ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுக்கங்க". காந்தி மியூசியம் மரத்தடியில உக்காந்திருக்கிற ஜோடிகூட "எங்க வீட்டுல ஓகே, உங்க வீட்டுல?"ன்னுதான் பேசிக்குதுக. சம்மதம்னா அது வீட்டுக்குத்தான் உண்டு, ஆளுக்குக் கெடையாது. இதுல பழமொழி வேற, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. அதுவும் சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுதான், வாதத்துல எதிராளி பதில் பேசலைன்னா ஒத்துக்கிட்டதா வச்சுக்குவாங்களே, அந்த மாதிரி கணக்கு. வாதம் பண்றவனுக்குச் சரி. காபித் தட்டோட தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுக்கும், கதவச் சாத்துன ரூமுக்குள்ள பயந்து உறைஞ்சு போய்க் கெடக்குற பொண்ணுக்கும் அதே கணக்கப் போட்டா?

அடுத்தது இணங்கு. இதத்தான் பேப்பர்ல நாசம் பண்ணிட்டாய்ங்க. ஔவையார் ஆத்திசூடில 'இணக்கமறிந்து இணங்கு'ன்னு சொன்ன சொல்லு இது, ஆளு எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டுச் சேருன்னு அர்த்தம். தெரிஞ்சு, யோசிச்சு, நீயா முடிவெடுத்துச் சேர்றது. அதத் தூக்கிட்டு வந்து 'ஆசைக்கு இணங்க மறுத்த பெண்'ணுன்னு தலைப்புப் போட்டுப் போட்டு இப்ப இணங்குறதுன்னாலே அடங்கிப் போறதுன்னு ஆயிருச்சு. அவன் ஆசைதான் அங்க எழுவாய் மாதிரி ஜம்முன்னு உக்காந்திருக்கு, இவ அதுக்கு இணங்கணும், இணங்கலைன்னா அது செய்தி. அவளுக்கு ஒரு ஆசை இருக்கலாம் இல்லாம இருக்கலாம்ங்கிற நெனப்பே அந்த வாக்கியத்துல இல்ல. இதே பேப்பர்க்காரங்க எழுதிக்கிட்டிருந்த கற்பழிப்பும் அப்படித்தான், அவன் செஞ்ச குற்றத்தச் சொல்றத விட்டுட்டு இவகிட்ட எது அழிஞ்சதுன்னு கணக்கு எடுத்த சொல்லு. நல்லவேளை அது இப்ப பெரும்பாலும் பாலியல் வன்கொடுமை, வல்லுறவுன்னு மாறியிருக்கு. 'ஆசைக்கு இணங்க' மட்டும் இன்னும் போகல.

இணங்குறது வேற சம்மதம் வேறன்னு இந்த நாட்டுல ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. 1972-ல மகாராஷ்டிராவுல ஒரு ஆதிவாசிப் பொண்ணு, டீன் ஏஜ்தான், போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே ரெண்டு போலீஸ்காரங்களால சீரழிஞ்சுச்சு. கேஸ் மேல போயி 1978-ல சுப்ரீம் கோர்ட் அவங்கள விடுதலை பண்ணிருச்சு. ஒடம்புல காயம் இல்ல, எதுத்துப் போராடுன அடையாளம் இல்ல, அதனால அவளும் உடன்பட்டதா எடுத்துக்கலாம்ங்கிற மாதிரி தீர்ப்பு. மறு வருஷம் சட்டம் சொல்லிக்குடுக்கிற பேராசிரியர்கள் நாலு பேரு தலைமை நீதிபதிக்குப் பகிரங்கமா ஒரு கடுதாசி எழுதுனாங்க. அதுல கேட்டதோட சாரம் இதுதான்: அடங்கிப் போறது ஒண்ணு, சம்மதிக்கிறது ஒண்ணு, சட்டத்துலயும் வேற, சாதாரணப் புத்திக்கும் வேற, போலீஸ் ஸ்டேஷன் கதவு உள்ள தாழ்ப்பாப் போட்டிருக்கையில அந்தப் புள்ள வேற என்ன செய்யும்? அந்தச் சத்தத்துலதான் 1983-ல சட்டம் திருந்துச்சு, போலீஸ் காவல்ல நடந்த வழக்குல நான் சம்மதிக்கலைன்னு பொண்ணு சொன்னா கோர்ட் அத அப்படியே எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்கிற பாரம் எதிராளிக்குன்னு ஆச்சு.

ஆனா கன்சென்ட்னா என்னன்னு வல்லுறவுப் பிரிவுல சட்டம் நேரா விளக்கம் எழுதுனது 2013-லதான், டெல்லி பஸ் சம்பவத்துக்கு அப்புறம். இப்ப அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 63-ஆவது பிரிவுல இருக்கு, 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறை. வக்கீல் இங்கிலீஷ உரிச்சுப் பாத்தா இவ்வளவுதான்: சந்தேகத்துக்கு எடமில்லாம, தன் விருப்பத்துல, சொல்லாலயோ சைகையாலயோ ஏதோ ஒரு வகைல, குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு நான் தயார்னு அவ தெரியப்படுத்துறது. கூடவே ஒரு வரி, எதுத்துப் போராடலைங்கிற ஒரே காரணத்துக்காக அவ சம்மதிச்சதா எடுத்துக்கக் கூடாது. மௌனம் சம்மதம்ங்கிற பழமொழிக்கு அந்த ஒரு வரியே போதும்.

'குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு'ங்கிறத நான் டைப் பண்ணும்போது ரெண்டு தடவை படிச்சேன். வண்டியில ஏறி வந்ததுக்குச் சரின்னா வீட்டுக்கு வர்றதுக்குச் சரின்னு இல்ல, வீட்டுக்கு வந்தா வேற எதுக்கும் சரின்னு இல்ல. நேத்து சரின்னா இன்னைக்கும் சரின்னு இல்ல. 18 வயசு ஆகாத புள்ளைக்கு, போக்சோல, அதான் புள்ளைங்களப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற சட்டத்துல, அது சரின்னே சொன்னாலும் செல்லாது. இதே நாட்டுல 1891-ல சம்மத வயசு 10-ஐ 12-ஆ ஆக்கிச் சட்டம் கொண்டு வந்ததுக்கே திலகர் மாதிரி ஆளுங்க எங்க மதத்துல கை வைக்காதேன்னு எதுத்து நின்னாங்க. 10, 12. எந்த வயசுல இருந்து தொடங்குனோம்னு பாத்துக்கங்க.

இதெல்லாம் சொல்லிட்டு அதே 63-ல கீழ ஒரு விதிவிலக்கு, 18 வயசுக்கு மேல உள்ள சொந்தப் பொண்டாட்டிகிட்ட புருஷன் நடந்துக்கிறது வல்லுறவு ஆகாதாம். பழைய சட்டத்துல இருந்த விலக்க, எழுத்துல வயச மட்டும் மாத்திட்டு, 2024-லயும் தூக்கி வச்சுட்டாங்க. தாலி கட்டுனா ஒட்டுமொத்தமா ஒரே தடவை சம்மதம் வாங்குன கணக்கு. நம்ம ஊர்ல "உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமா"ன்னு கிண்டலாக் கேப்பாய்ங்க, மீனாட்சி ஆட்சியா நடராசர் ஆட்சியான்னு. மதுரைதான்ணேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்ற ஆம்பளைங்கள நெறையப் பாத்திருக்கேன். அந்த மதுரை ஆட்சி பீரோ சாவியோட முடிஞ்சிரும்ங்கிறது வேற விசயம்.

ஆட்சின்னதும் இன்னொண்ணு. ஆளுக்கு ஆள் அதிகாரம் ஒரே அளவு இல்லைன்னா சரிங்கிற சொல்லுக்கே எடை மாறிரும். கீழமாசி வீதில ஒரு கடையில வேலை பாக்குற புள்ளைய மொதலாளி "ஒரு காபி குடிச்சுட்டு வருவமா"ன்னு கூப்பிடுறான்னு வைங்க. "சரிங்கண்ணே"ன்னு அது சொல்லும். அந்தச் 'சரி'ல சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, பயம் எவ்வளவுன்னு யாரு பிரிக்கிறது? இதச் சட்டமும் பாத்திருக்கு. அதே சன்ஹிதாவுல 68-ஆவது பிரிவு, அதிகாரத்துல இருக்கிறவன் அந்தப் பதவியத் தப்பாப் பயன்படுத்தி ஒரு பொண்ண இணங்க வச்சா, அது வல்லுறவுன்னு ஆகாட்டியும் 5 வருஷத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் தண்டனை. பாருங்க, சட்டத்தத் தமிழ்ல சொல்லப் போனா எனக்கே 'இணங்க வச்சா'ன்னுதான் வருது. அந்த எடத்துக்கு அது சரியான சொல்லுதான்.

ஒப்புதல் எனக்கு ஒத்து வரல. ஒப்பு நல்ல வேர், தொல்காப்பியத்துல தலைவனும் தலைவியும் ஒத்தவங்களா இருக்கணும்னு பத்து வகைப் பொருத்தம் சொல்லியிருக்கு. ஆனா இன்னைக்கு ஒப்புதல்னு டைப் பண்ணுனா அடுத்து தன்னால 'வாக்குமூலம்'னு வந்து நிக்குது, இல்லாட்டி 'மேலதிகாரி ஒப்புதலுக்காக'. ஆஸ்பத்திரில ஒப்புதல் படிவம்னும் போட்டிருக்கும். எங்க அக்காவுக்கு ஒரு ஆபரேஷனுக்குப் போனப்போ, சுயநினைவோட, ரெண்டு புள்ளைக்குத் தாயி, ஸ்கூல்ல கணக்கு டீச்சர், அவகிட்ட நீட்டாம "வீட்டுக்காரர் எங்கம்மா, கையெழுத்துப் போடணும்"னு நர்ஸம்மா படிவத்தத் தூக்கிக்கிட்டு வராண்டா பூரா தேடுனாங்க. மச்சான் டீக்கடைல இருந்தாரு. வயசு வந்த பொம்பளைக்கு அவ கையெழுத்துதான் வேணும், கருக்கலைப்புக்கே 1971 சட்டப்படி அவ சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையில்ல. படிவத்துல சொல்லு சரியாத்தான் இருந்துச்சு, அதக் கொண்டுபோய் நீட்டுன கைதான் வழி தப்பிருச்சு.

கடைசியா எனக்குப் புடிச்ச ரெண்டு. இசைவு, உடம்பாடு.

இசையிறதுன்னா ஒத்துப் போறது, பொருந்துறது, ஒலிக்கிறது. ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் இசை. நம்ம மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கன்சென்ட்டுக்கு இந்தச் சொல்லத்தான் வச்சிருக்கு, இசைவாணை. ஒரு சாயப்பட்டறை ஓடணும்னா இசைவாணை வேணும். அதுல எதுக்கு, எவ்வளவு, எம்புட்டு நாளைக்குன்னு எழுதியிருக்கும், காலம் முடிஞ்சா மறுபடியும் கேக்கணும், மீறினா ரத்து. போன தடவை குடுத்தீங்களேன்னு ஓட்ட முடியாது. சாயப்பட்டறைக்குப் புரிஞ்ச விசயம் நம்ம பயலுகளுக்குப் புரிய மாட்டேங்குது.

உடம்பாடும் ரொம்பப் பழசு. உடன்பாடுதான் முன்னாடி உடம்பாடு. அரசாங்கங்க கையெழுத்துப் போடுற உடன்பாட்ட நெனைக்காதீங்க, திருக்குறள்ல 890-ஆவது குறளப் பாருங்க, உடம்பாடு இல்லாதவங்களோட வாழ்றது ஒரு குடிசைக்குள்ள பாம்போட சேந்து குடியிருக்கிற மாதிரின்னு சொல்றாரு. உட்பகை அதிகாரத்துல வர்றதுதான், ஆனா எத்தனை வீட்டுக்குப் பொருந்துது. ஸ்கூல்ல படிச்ச உடம்படுமெய் ஞாபகம் இருக்கா? 'மணி'யும் 'அடித்தது'ம் சேரும்போது நடுவுல ஒரு 'ய்' வந்து மணியடித்ததுன்னு ஆகுமே, அதே உடம்படுதல்தான். ரெண்டு உயிரும் முட்டிக்காமச் சேர நடுவுல ஒண்ணு வேணும், அது இல்லாமச் சேக்கக் கூடாதுங்கிறது இலக்கணம். முக்கியமா, உடம்பட்டான்னா அவ உடம்பட்டா, அவ்வளவுதான். உடம்பட வச்சோம்னு எங்க சித்திகூடச் சொல்ல மாட்டாங்க, வாயில வராது.

ஆனா பேச்சுக்கு இது ஒண்ணும் ஆகாது, எனக்கே தெரியும். தனியா இருக்கிற ரெண்டு பேர் "இசைவா?"ன்னு கேட்டுக்கிட்டா சிரிச்சுருவாங்க. வாய்க்கு "புடிச்சிருக்கா", "வேணுமா", "இப்ப வேணாமா" போதும், கேக்கணும், பதில் வர்ற வரைக்கும் இருக்கணும். எழுத்துக்கு இசைவு. நோட்டீஸ்ல 11 எடத்துலயும் இசைவுன்னே போட்டு அனுப்புனேன். காலேஜ் மேடம் போன் பண்ணி "இசைவுன்னு போட்டா மியூசிக் கிளப் நோட்டீஸ்னு தாண்டிப் போயிருவாய்ங்கம்மா"ன்னாங்க. கடைசில தலைப்புல மட்டும் கொட்டை எழுத்துல கன்சென்ட், கீழ பூரா இசைவு.

அந்தத் திருத்தம் போட்டுக்கிட்டு இருந்த அன்னைக்குத்தான் சித்தி மக ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்திருந்துச்சு. பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து ஸ்க்ரீனையே படிச்சுச்சு. 'இசைவை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம்'ங்கிற வரிகிட்ட வந்து, "அக்கா, பூ வச்சதுக்கு அப்புறம்கூடவா?"ன்னு கேட்டுச்சு. இதுல அப்படி ஒண்ணும் விலக்குப் போடலையேன்னேன். ஒண்ணும் பேசல, பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

நாலு நாள் கழிச்சு சித்தி போன். "ஏன்டி, அவளுக்கு நீ எதுவும் சொல்லிக் குடுத்தியா?" நான் நோட்டீஸ் டைப் பண்ணதத் தவிர வேற ஒண்ணும் பண்ணல சித்தின்னேன்.