சுருதி இறங்கும்போது

கோவைப் பக்கம் சோமனூரில் என் சித்தி வீட்டைச் சுற்றி விடிய விடிய விசைத்தறி ஓடும். சித்தி மகள் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவாள். ஆனால் டிவியில் ஒரு 'பீப்' மெல்ல இறங்கினால் போதும், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "எல்லாம் முடிஞ்சு போச்சு, உக்காரு அம்மிணி" என்பார் சித்தி. உட்காருவாள், படபடப்பு அடங்க நேரமாகும். 2021 மே மாதக் கடைசியில் அன்றாடக் கொரோனா தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியபோது, அவள் ஐசியூ நர்ஸ்.

ஐசியூ மானிட்டரில் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு பீப் கேட்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அதன் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே ஆபத்து தெரியட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. கொரோனா வார்டில் இறங்கிய சுருதி பல நேரம் ஏறவே இல்லை. ஆபத்தையும் அதோடு வந்த ஒலியையும் சேர்த்து முடிச்சுப் போடுவது மூளையின் அமிக்டலா. அப்புறம் ஒலி மட்டும் வந்தாலே உடலைப் பதறவைக்கும் அட்ரினலின் சுரக்கும். 'இது அன்றைக்கு, அங்கே நடந்தது' என்று குறித்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியோ கடும் அழுத்தத்தில் தடுமாறிவிடுகிறது. அதனால் பழசு இப்போது நடப்பதுபோலவே இருக்கிறது.

இவள் ஒருத்தி கதையல்ல இது. இங்கிலாந்தில் 2020 ஜூன், ஜூலையில் 9 மருத்துவமனைகளின் ஐசியூ ஊழியர்கள் 709 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். சுமார் 40 சதவீதம் பேரிடம், பேரதிர்ச்சிக்குப் பின் இப்படி மனதில் தங்கிவிடும் நோய்க்கான (PTSD) அறிகுறிகள் இருந்தன. டாக்டர்களைவிட நர்ஸ்களுக்கே பாதிப்பு அதிகம்.

பயம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்க, உள்ளே ஒரே ஒரு கட்டில் காலி. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போவதால் வரும் காயத்தை அறக்காயம் என்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் முதலில் பேசப்பட்டது அது. "தைரியமா இரு" என்ற சொல் அந்தக் காயத்தைத் தொடுவதே இல்லை. தைரியம் இல்லாமலா அத்தனை மாதம் அந்தக் கொரோனா பாதுகாப்பு உடுப்புக்குள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்கள்?

சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். அவள் ஒரு மனநல நிபுணரிடம் போகிறாள். அமைதியான அறையில் அதே பீப்பை மெதுவாக ஒலிக்கவிட்டுக் கேட்க வைக்கிறார்கள். சுருதி இறங்குகிறது, யாருக்கும் எதுவும் ஆவதில்லை. பழைய முடிச்சு இதில் அவிழ்வதில்லை. 'இந்த ஒலி வந்தும் ஒன்றும் நடக்கவில்லை' என்ற புதுப் பாடத்தை நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி கற்றுக்கொண்டு, அமிக்டலாவை அடக்கப் பழகுகிறது. அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும்.